சோலார் மானியம் 78,000 ரூபாய்; வருமான வரியிலும் கழியுமா?

8 மார்ச் 2025, சேலம் வாசகரின் கேள்வி

டீச்சர், மாடியில் 3 கிலோவாட் சோலார் போடலாம் என்று இருக்கிறேன். விலை பேச வந்தவர், மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய் போக, மொத்தச் செலவில் 40 சதவீதத்தை வருமான வரியிலும் கழித்துக்கொள்ளலாம் என்கிறார். நான் மாதச் சம்பளக்காரன். இது உண்மையா? 31ஆம் தேதிக்குள் முடித்தால்தான் இந்த ஆண்டுக் கணக்கில் வரும் என்று அவசரப்படுத்துகிறார்.

9 மார்ச் 2025

உண்மை இல்லை. முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

அவர் சொல்லும் 40 சதவீதம் தேய்மானக் கணக்கு. நூற்பாலை, அரிசி ஆலை, கடை என்று தொழில் நடத்துகிறவர்கள் தொழிலுக்காகப் போட்ட சோலார் சாதனத்தின் மதிப்பில் ஆண்டுக்கு 40 சதவீதம் தேய்மானம் காட்டி லாபத்தில் கழிக்கலாம். குடியிருக்கும் வீட்டின் மாடியில் போட்டுவிட்டுச் சம்பளத்தில் கழிக்க வழியே கிடையாது. நம் நாட்டில் வீட்டுக்காரருக்குக் கிடைப்பது மானியம் மட்டும்தான், வரிச் சலுகை இல்லை. அமெரிக்காவில் வீட்டுக்காரருக்கே சோலார் செலவில் 30 சதவீதம் வரியில் கழிகிறது. அங்கே இருக்கும் உறவினர்கள் அனுப்பும் காணொளிகளைப் பார்த்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று பலர் நம்புகிறார்கள். உங்களிடம் வந்தவர் தெரிந்தே சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்பது எனக்குத் தேவையில்லை. மார்ச் 31 என்று அவசரப்படுத்தினார் பாருங்கள், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. மானியத்துக்கும் மார்ச் 31க்கும் சம்பந்தம் இல்லை.

மானியம் இப்படி: முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதற்கு 18,000. ஆக 78,000. அதற்கு மேல் பத்துக் கிலோவாட் போட்டாலும் அதே 78,000தான். 2024 பிப்ரவரியில் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டம் இது. ஒரு கோடி வீடுகள் இலக்கு, 75,021 கோடி ரூபாய் ஒதுக்கீடு.

9 மார்ச் 2025, இரவு

ஒன்று விட்டுப்போயிற்று. மானியம் போக மிச்சத்தை மட்டும் கொடுத்தால் போதும் என்று யாராவது சொன்னால், தாளில் எழுதி வாங்குங்கள். வழக்கமான முறையில் முழுத் தொகையும் முதலில் உங்கள் கையிலிருந்துதான் போகும். எனக்கு 1,95,000 ரூபாய் ஆயிற்று. வேலை முடிந்து, வீட்டுக்கு வரும் மின்சாரத்தையும் கம்பிக்குத் திரும்பப் போகும் மின்சாரத்தையும் அளக்கும் இருவழி மீட்டர் பொருத்தி, அதிகாரி பார்த்து, இணையத்தில் சான்று ஏறிய பிறகுதான் 78,000 வங்கிக் கணக்குக்கு வந்தது. அதுவரை அந்தப் பணம் உங்களுடையது அல்ல என்று நினைத்துத்தான் திட்டமிட வேண்டும்.

16 மார்ச் 2025

வீட்டுக்காரருக்கு வரிச் சலுகையே இல்லை என்று போன வாரம் எழுதியதற்கு ஒரு வாசகர் மறுப்பு எழுதியிருக்கிறார். வீட்டைப் பழுதுபார்க்க வாங்கிய கடனுக்கான வட்டியில் ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை கழிக்கலாமே, வருமான வரிச் சட்டம் 24ஆம் பிரிவில் இருக்கிறதே என்கிறார். இருக்கிறது, நான் அதை மறந்துவிட்டேன். ஆனால் அது பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும். புதிய முறையில் சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்குக் கழிவு கிடையாது. இன்னொன்று, சட்டம் சொல்வது பழுதுபார்த்தல், புதுப்பித்தல், திரும்பக் கட்டுதல். மாடியில் பேனல் நிறுத்துவது இதில் எதில் சேரும்? என்னோடு படித்த ஆடிட்டர் ஒருத்தியிடம் கேட்டேன். "வெதரிங் ஓடு மாற்றினால் தைரியமாகப் போடுவேன், சோலாருக்குப் போட மாட்டேன்" என்றாள். அவள் பேச்சை நான் எடுத்துக்கொள்கிறேன்.

2 ஏப்ரல் 2025

சேலம் தம்பி விண்ணப்பிக்க உட்கார்ந்திருக்கிறார். மின் இணைப்பு இறந்துபோன தந்தையின் பெயரில் இருக்கிறதாம், பரவாயில்லையா என்று கேட்கிறார்.

பரவாயில்லை என்று நான் சொல்ல மாட்டேன், ஏனென்றால் என் வீட்டில் ஐந்து மாதம் போனது இதில்தான்.

எங்கள் வீடு திருச்சியில். அப்பா 1987இல் கட்டியது. மீட்டர் பெட்டிக்குள் ஓர் ஆணியில் மின் அட்டை தொங்கும். பழுப்பேறி, ஓரம் கரையான் அரித்து, மேலே அப்பாவின் பெயர் அவருடைய கையெழுத்தில். அவர் போய்ப் பதினோரு ஆண்டுகள். பில்லில் அவர் பெயர் வந்துகொண்டே இருந்தது, நாங்களும் கட்டிக்கொண்டே இருந்தோம். யாருக்கும் அது உறுத்தவில்லை. அம்மாவுக்கோ அந்தப் பெயர் வருவதில் ஒரு நிம்மதி.

மானியத்துக்கு மின் இணைப்பின் பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்பாவின் பெயரில் வங்கிக் கணக்கு ஏது? 2024 ஜூனில் பெயர் மாற்றத்துக்குப் புறப்பட்டோம். இறப்புச் சான்றிதழ் இருந்தது. வாரிசுச் சான்றிதழ் எடுத்ததே இல்லை. அதற்கு ஒன்றரை மாதம். அதன் பிறகு, வாரிசுகள் நால்வரில் மூவர் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்திட வேண்டும். என் தம்பி மஸ்கட்டில். அவன் தீபாவளிக்கு வந்துதான் கையெழுத்திட்டான். சொத்து வரி ரசீதும் அப்பாவின் பெயரில் இருந்ததால் அதை மாற்ற மாநகராட்சிக்குத் தனியாக நடந்தோம்.

அலுவலகத்தில் யாரும் எங்களை அலைக்கழிக்கவில்லை. பதினோரு ஆண்டுகள் தள்ளிப்போட்டது நாங்கள். இன்று உங்கள் வீட்டு மின் அட்டையை எடுத்துப் பெயரைப் பாருங்கள். சோலார் போடப் போவதில்லை என்றாலும் பாருங்கள்.

3 ஏப்ரல் 2025

பழைய அட்டையை அம்மா தூக்கி எறியவிடவில்லை. சாமி அறையில் பஞ்சாங்கத்துக்குள் இருக்கிறது.

20 ஏப்ரல் 2025

"கரண்ட் போனால் சோலார் ஓடுமா?" இதுவரை ஏழு பேர் கேட்டுவிட்டார்கள்.

ஓடாது. மானியத்தில் போடும் இந்த வகை, மின்வாரியக் கம்பியோடு இணைந்தது. கம்பியில் மின்சாரம் நின்றதும் பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடும். நிற்காவிட்டால் தெருக் கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கிறவரின் உயிருக்கு ஆபத்து. நண்பகல் வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, வீட்டில் மின்விசிறி நிற்கும்போது கோபம் வரத்தான் செய்யும். எனக்கும் வந்தது. கம்பத்தின் மேல் இருக்கும் மனிதரை நினைத்துக்கொண்டால் அடங்கிவிடும். மின்வெட்டிலும் ஓட வேண்டும் என்றால் பேட்டரியோடு சேர்ந்த வேறு வகை வாங்க வேண்டும். பேட்டரிக்கு மானியம் ஒரு ரூபாய்கூடக் கிடையாது.

11 மே 2025

கணக்கு கேட்டவர்களுக்கு இது. பேனா எடுத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில். முதல் 100 யூனிட் இலவசம். 500ஐத் தாண்டிய வீட்டுக்கு 101 முதல் 400 வரை யூனிட்டுக்கு 4.80 ரூபாய், 500 வரை 6.45, 600 வரை 8.55, 800 வரை 9.65, 1000 வரை 10.70, அதற்கு மேல் 11.80. 2024 ஜூலையில் வந்த விலை. போன கோடையில் எங்கள் வீட்டில் 900 யூனிட். கூட்டுங்கள்: 1,440, 645, 855, 1,930, 1,070. மொத்தம் 5,940 ரூபாய்.

3 கிலோவாட் பேனல் நம் ஊர் வெயிலில் நாளுக்குச் சராசரியாகப் பன்னிரண்டு யூனிட் தரும். இரண்டு மாதத்தில் 720. 900இல் 720 போனால் மிச்சம் 180. அதில் நூறு இலவசம், 500ஐத் தாண்டாததால் மீதி எண்பதும் சலுகை விலையில் வரும், ஆகவே 200 ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது, சோலார் முதலில் அழிப்பது எந்த யூனிட்டை என்பது. மேலே இருக்கும் பத்து ரூபாய் யூனிட்டைத்தான் முதலில் அழிக்கிறது. அடியில் இருக்கும் இலவச யூனிட்டைக் கடைசியாகத் தொடுகிறது. வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள்: உயரமான படியில் நிற்பவனுக்குத்தான் இறங்குவதில் லாபம் அதிகம்.

மூன்று பில் 900, மழையும் குளிருமாக மூன்று பில் 600 என்று வைத்தால் ஆண்டுக்குச் சுமார் 26,000 ரூபாய் மிச்சம். 1,95,000இல் மானியம் போக என் கைச்செலவு 1,17,000. நாலரை ஆண்டில் திரும்பிவிடும். ஆகவே எல்லோரும் 3 கிலோவாட் போடுங்கள்.

1 ஜூன் 2025

மேலே உள்ள கடைசி வாக்கியத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

என் குறிப்பைப் படித்துவிட்டுக் கும்பகோணத்தில் இருக்கும் அக்கா 3 கிலோவாட்டுக்கு விலை கேட்டுவிட்டாள். அவளும் அத்தானும் மட்டும்தான். இரண்டு மாதத்துக்கு 300 யூனிட். நூறு இலவசம், அடுத்த நூறு ஏறத்தாழப் பாதி விலை, கடைசி நூறு 4.80. பில் எழுநூற்றுச் சொச்சம். ஆண்டுக்கு 4,300 ரூபாய் கட்டுகிறவள், அதைச் சேமிக்க 1,17,000 ரூபாயை மாடியில் கொண்டுபோய் வைப்பாளா? இருபத்தேழு ஆண்டுக் கணக்கு ஆகிறது. ஒரு கிலோவாட் போட்டாலே அவள் பில் இல்லாமல் ஆகிவிடும். அதற்கும் மானியம் போக நாற்பதாயிரத்துக்கு மேல் ஆகும், திரும்ப எடுக்கப் பத்து ஆண்டு. அந்தப் பணத்தில் அவள் வீட்டின் ஒழுகும் மாடியைச் சரிசெய்தால் நல்லது. அவளிடம் தொலைபேசியில் நேராகச் சொல்லிவிட்டேன். "அப்புறம் ஏன் எல்லோரும் போடுங்கள் என்று எழுதினாய்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. என் வீட்டு பில்லை ஊர் பில் என்று நினைத்து எழுதிவிட்டேன்.

78,000 என்ற எண் பெரிதாகக் கண்ணில் படுகிறது, அதனால்தான் ஆசை வருகிறது. மானியத் தொகையை ஓரமாக வைத்துவிட்டுக் கடைசி ஆறு பில்லை வரிசையாக வைத்துப் பாருங்கள். 500ஐத் தாண்டாத வீடு அவசரப்பட வேண்டியதில்லை. 500க்கும் 501க்கும் இடையே ஒரே யூனிட்டில் ஏறத்தாழ 250 ரூபாய் ஏறுகிறது, ஏனென்றால் தாண்டியதும் அந்த இரண்டாவது நூறின் சலுகை போய்விடுகிறது. அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் வீட்டுக்குச் சோலாரே தேவையில்லை, கொஞ்சம் சிக்கனம் போதும்.

29 ஜூன் 2025

சிக்கனம் என்று சொன்னதற்குக் கணக்கு கேட்கிறார்கள். தருகிறேன், கொஞ்சம் வருத்தத்தோடு.

மே மாதத்தில் பழைய மின்விசிறிகள் நான்கையும் எடுத்துவிட்டு குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்டிசி வகை மின்விசிறி மாட்டினோம். பழையது 75 வாட், புதியது 30 வாட். நான்கும் நாளுக்குப் பதினைந்து மணி நேரம் ஓடுகின்றன. 45 வாட்டை நான்கால் பெருக்கி, பதினைந்தால் பெருக்கினால் 2.7 யூனிட். இரண்டு மாதத்தில் 162 யூனிட். சோலார் போடாத நிலையில், 900 யூனிட் பில்லின் உச்சியிலிருந்து 162ஐ எடுத்தால் 1,668 ரூபாய் குறையும். நான்கு மின்விசிறிக்கு நான் கொடுத்தது 12,000. ஒன்றேகால் ஆண்டில் திரும்பிவிடும் பணம். இதற்கு மானியம் இல்லை, வரிச் சலுகை இல்லை, வாரிசுச் சான்றிதழ் வேண்டாம், எலக்ட்ரீசியன் ஒரு பிற்பகலில் மாட்டிவிட்டுப் போய்விட்டார்.

இதை முதலில் செய்திருந்தால் எனக்கு 2 கிலோவாட்டே போதுமாக இருந்திருக்கும். 2 கிலோவாட்டுக்கு மானியம் 60,000; மூன்றாவது கிலோவாட்டுக்குக் கிடைப்பது வெறும் 18,000. அதாவது முதல் இரண்டுக்கு அரசு தாராளமாக உதவுகிறது, மூன்றாவதை ஏறக்குறைய நம் காசில் போடுகிறோம். மின்விசிறிகளுக்கு நட்சத்திரச் சீட்டு 2023 ஜனவரியிலிருந்து கட்டாயம். கடையில் சீட்டைப் பார்த்து வாங்கலாம். மானியம் இருக்கும் பொருளுக்கு விளம்பரம் வருகிறது, இதற்கு வருவதில்லை. எனக்கு ஆறாத வருத்தம் இதில்தான்.

30 ஜூன் 2025

கடன் வாங்கிப் போட்டவர்களுக்கு: இந்தத் திட்டத்தில் 3 கிலோவாட் வரை ஈடில்லாக் கடன், ரெப்போ வட்டியோடு (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி) அரை சதவீதம் சேர்த்து என்று சொல்லித்தான் ஆரம்பித்தார்கள். அப்போது ரெப்போ 6.50, கடன் 7. இந்த மாதம் ரெப்போ 5.50க்கு வந்துவிட்டது. வங்கிக்குப் போய் உங்கள் வட்டி மாறியதா என்று கேளுங்கள்.

6 ஜூலை 2025

மார்ச்சில் அமெரிக்க வரிக் கழிவைப் பற்றி எழுதினேன் அல்லவா? ஜூலை 4ஆம் தேதி அங்கே கையெழுத்தான புதிய சட்டத்தின்படி வீட்டுச் சோலாருக்கான அந்த 30 சதவீதம் இந்த ஆண்டு டிசம்பர் 31ஓடு முடிகிறது. சன்னல், காப்புப் பூச்சு, வெப்பமேற்றிக்கு இருந்த கழிவும் அதே நாளில். 2034 வரை இருக்கும் என்று நம்பித் திட்டமிட்ட அண்ணன் மகள் அங்கே ஆள் தேடி அலைகிறாள். நம் திட்டமும் 2026–27 வரைதான் அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதற்காக அவசரப்படச் சொல்லவில்லை, பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள் என்கிறேன்.

3 ஆகஸ்ட் 2025

பிற்பகல் மூன்றரை மணிக்கு மாடிக்குப் போய் நின்றுகொண்டிருந்தேன். வடாம் காயப்போட்ட துணியை மடிக்கப் போனவள்தான். தண்ணீர்த் தொட்டியின் நிழல் மெதுவாக ஊர்ந்து கடைசிப் பேனலின் மூலையில் ஏறியது. ஒரு கைக்குட்டை அளவுகூட இல்லை. கைப்பேசியில் இன்வெர்ட்டரின் கணக்கைப் பார்த்தேன். ஒரு பேனலின் மூலை மட்டும் இருட்டினால் ஆறில் ஒரு சிறு பங்குதான் குறைய வேண்டும் என்று மனம் சொல்கிறது. ஆனால் பேனல்கள் ஒரே சரமாக இணைந்தவை. ஒன்று தடுமாறினால் சரத்தையே பின்னுக்கு இழுக்கும். நிழல் வந்த சில நிமிடங்களில் எண் சட்டென்று இறங்கியது.

போட வந்த நிறுவனத்தார் காலை பத்து மணிக்கு வந்து அளந்துவிட்டுப் போனார்கள். பத்து மணிக்கு அந்த நிழல் மேற்குப் பக்கத்தில் விழும். நானும் அப்போது யோசிக்கவில்லை. தொட்டியை நகர்த்தக் கொத்தனாரும் பிளம்பரும் சேர்ந்து 9,000 ரூபாய் ஆயிற்று. உங்கள் வீட்டில் அளக்க வந்தால் காலை ஒன்பது, நண்பகல், மாலை நான்கு என்று மூன்று வேளையும் நிழலைச் சாக்கட்டியால் தரையில் கோடு போட்டு வையுங்கள். பக்கத்து வீட்டுத் தென்னையையும் சேர்த்து. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து நிழல் இன்னும் நீளும், அதற்கும் ஓர் அடி விட்டுவிடுங்கள்.

பேனலைத் தாங்கும் இரும்புச் சட்டத்தை எட்டடி உயரத்துக்குத் தூக்கிப் போடச் சொன்னது மட்டும் நான் செய்த நல்ல காரியம். கீழே துணி உலர்கிறது, அம்மா நாற்காலி போட்டு உட்கார்கிறாள்.

4 ஆகஸ்ட் 2025

கழுவுவது பற்றி: விடியற்காலையில், பேனல் குளிர்ந்திருக்கும்போது. ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் படலம் படியும், துணியால் துடைத்துவிட வேண்டும். மழைநீர் பிடித்து வைத்தால் இன்னும் நல்லது.

24 செப்டம்பர் 2025

22ஆம் தேதியிலிருந்து சோலார் சாதனங்களுக்கு ஜிஎஸ்டி 12இலிருந்து 5 சதவீதம். ஆனால் மொத்த விலையில் 7 சதவீதம் குறையும் என்று எண்ணாதீர்கள். எழுபது பங்கு பொருள், முப்பது பங்கு வேலைக்கூலி என்று பிரித்து, கூலிக்கு 18 சதவீதம் போடுகிறார்கள். முன்பு கூட்டிப் பார்த்தால் 13.8 சதவீதம், இப்போது 8.9. வரிக்கு முன் 1,70,000 விலை என்றால் 8,330 ரூபாய் குறைய வேண்டும். ஆகஸ்டில் வாங்கிய விலைப் பட்டியலை வைத்திருப்பவர்கள் புதிதாகக் கேட்டு வாங்குங்கள். பழைய பட்டியலில் பேனா வைத்துத் திருத்தித் தருவதை ஏற்காதீர்கள்.

புதுப் பட்டியலில் பேனல் டிசிஆர் வகையா என்றும் பாருங்கள். செல்லும் பேனலும் இந்தியாவில் செய்ததாக இருந்தால்தான் மானியம். விலை குறைவாக இருக்கிறதே என்று வேறு வகையை மாட்டிவிட்டால் 78,000 போயிற்று. பேனலின் பின்புறம் வரிசை எண் ஒட்டியிருக்கும். மேலே ஏற்றும் முன் ஒவ்வொன்றையும் படம் எடுத்தேன். ஏற்றிய பிறகு எட்டடி உயரத்தில் அண்ணாந்து படிக்க முடியாது.

19 அக்டோபர் 2025

அடுக்ககத்தில் இருப்பவர்கள் தங்களுக்கு ஒன்றுமே இல்லையா என்கிறார்கள். பொது விளக்கு, மின்தூக்கி, மோட்டார் இவற்றுக்காகச் சங்கம் போட்டால் கிலோவாட்டுக்கு 18,000 மானியம் உண்டு, வீட்டுக்கு 3 கிலோவாட் கணக்கில் 500 கிலோவாட் வரை. வாடகைக்கு இருப்பவர்களுக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. பில் கட்டுவது அவர்கள், மாடி வீட்டுக்காரருடையது. வீட்டுக்காரர் எதற்குச் செலவு செய்வார்? மின்விசிறியை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம்.

எல்இடி பல்பு நினைவுக்கு வருகிறது. 2015இல் உஜாலா திட்டம் வந்தபோது 300 ரூபாய்க்கு மேல் இருந்த பல்பு எழுபது, எண்பது ரூபாய்க்கு வந்தது. அதற்கு மானியம் கொடுக்கவில்லை. அரசு நிறுவனம் கோடிக்கணக்கில் மொத்தமாக வாங்கியதால் விலை விழுந்தது. வாடகைக்காரரும் வாங்கினார், பூக்கடைக்காரரும் வாங்கினார். யாரும் பெயர் மாற்றத்துக்கு அலையவில்லை. மின்விசிறிக்கும் அதே அளவில் ஒருமுறை செய்துவிட்டால், அக்கா வீடு போன்ற வீடுகளுக்கும் இதில் பங்கு கிடைக்கும். மாடி உள்ளவனுக்கு 78,000, மாடி இல்லாதவனுக்கு ஒன்றுமில்லை என்ற நிலை எனக்குச் சரியாகப் படவில்லை.

7 டிசம்பர் 2025

சேலம் தம்பி எழுதியிருக்கிறார். வாரிசுச் சான்றிதழ் ஜூலையில் வந்ததாம். தங்கை கையெழுத்திட மறுத்திருக்கிறாள்; வீட்டிலேயே பங்கு போய்விடும் என்ற பயம். அவளை உட்காரவைத்து, இது மின் இணைப்புக்கு மட்டும், வீட்டின் உரிமைக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று தனியாக ஒரு தாளில் எழுதிக் கொடுத்த பிறகு கையெழுத்திட்டாளாம். இணைப்பு இப்போது அவருடைய அம்மாவின் பெயரில், வங்கிக் கணக்கும் அம்மாவுடையது. மின்விசிறியை முதலில் மாற்றிவிட்டு, 2 கிலோவாட் போட்டிருக்கிறார். போன வாரம் 60,000 வந்துவிட்டது. முதலில் வந்தவரிடம் போடவில்லை.

"அம்மா மீட்டர் முன்னால் நின்று, ஏற்றுமதி என்று எண் வரும்போதெல்லாம் என்னைக் கூப்பிடுகிறார்" என்று எழுதியிருக்கிறார். எங்கள் வீட்டிலும் அதே கதைதான் தம்பி. ஓர் ஆண்டு ஆகிவிட்டது, இன்னும் கூப்பிடுகிறாள்.